ஒரு சொம்பை வைத்துக்கொண்டு ஓவியத்தின் வரலாற்றைப் படிப்பது எப்படி

பென்சிலையும் ரப்பரையும் முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இரண்டும் நேற்று வந்தவை. தென்னாப்பிரிக்காவில் பிளாம்போஸ் என்ற குகையில், ஒரு கல் சில்லின் மேல் யாரோ காவிக்கட்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து 73,000 வருஷம் ஆகிறது. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் இங்கிலாந்தில் கிடைத்தது 16-ஆம் நூற்றாண்டில். அதை ரப்பரால் அழிக்கலாம் என்று தெரிந்தது 1770 வாக்கில். கடைசியாக வந்த இந்த இரண்டையும்தான் நாம் குழந்தை கையில் முதலில் கொடுத்து, "தப்பா வந்தா அழிச்சுக்கோ" என்கிறோம்.

இங்கே சொல்லப்போவது அதைத் திருப்பிப் போடும் வேலை. ஒரே பொருள். அந்தந்தக் காலத்தில் எதைக் கொண்டு கோடு போட்டார்களோ, அதைக் கொண்டே அதை வரிசையாக வரைய வேண்டும். வாரம் ஒன்று போதும். வருஷக் கணக்கை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கை தானாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

நான் நகரியில் போர்டு எழுதுகிறவன். நகரி ஆந்திராவில் இருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தமிழ்தான். கடைக்காரர் கேட்டால் மேலே தெலுங்கு, கீழே தமிழ். பிளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை குறைந்துபோய், இப்போது கோவில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், வண்டி நம்பர் என்று ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் திண்ணைக்கு வருவார்கள். அவர்களோடு செய்து பார்த்துச் சரிவந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பொருளும் இடமும்

பித்தளைச் சொம்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் வேண்டாம், கண்ணைக் கூசும். சொம்பில் கழுத்து உண்டு, வயிறு உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் வாய் உண்டு. அந்த வட்டமான வாயை எந்தக் காலத்தார் எப்படிப் போட்டார்கள் என்பதிலேயே பாதி வரலாறு அடங்கிவிடும். ஒவ்வொரு படத்திலும் முதலில் வாயைப் பாருங்கள்.

ஸ்டூலின் மேல் சொம்பை வைத்து, ஸ்டூல் கால் நிற்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஒரு குறி. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். அடுத்த வாரமும் அதே இடம், அதே நேரம். இது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இன்னொரு காரியத்தை இன்றைக்கே செய்துவிடுங்கள், ஏனென்றால் அது ஊற நாளாகும். ஒரு மண்சட்டியில் துருப்பிடித்த ஆணி, லாடம், இரும்புத் துண்டு என்று கிடைத்ததைப் போட்டு, இரண்டு கைப்பிடி வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வாயைத் துணியால் கட்டி வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். தட்டுப் போட்டு இறுக்கமாக மூடக் கூடாது. புளிக்கும்போது காற்று வெளியேற வேண்டும். வீட்டில் திட்டு விழும் அளவுக்கு நாறும். இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். எதற்கு என்பது பின்னால் வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

காவியும் கரியும்

காவிக்கட்டி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். காகிதம் வேண்டாம். உடைந்த கடப்பாக்கல் துண்டு ஒன்றின் சொரசொரப்பான பக்கத்தில் சொம்பை வரையுங்கள். கட்டி மொண்ணையாக இருக்கும், கல்லில் பிடிக்கும், வளைவு உடையும். இதிலேயே ஒன்று தெரிந்துவிடும்: நுணுக்கமாக எதையும் போட முடியாது, உருவத்தை மட்டும் பிடிக்கலாம். கடப்பா மாவட்டத்தில் சிந்தகுண்டாவில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றிலும் மானோ மனிதனோ பக்கவாட்டில், ஒரே பார்வையில் தெரிகிற மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது கரி. அடுப்புக்கரியே போதும் என்றாலும் நல்ல கரிக்குச்சியை வீட்டிலேயே சுடலாம். சுண்டுவிரலைவிட மெல்லிய புளியங்குச்சிகளைத் தோல் சீவி, சமமாக நறுக்கி, ஒரு தகர டப்பாவில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. டப்பாவை நெருப்பில் போட்டால் ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் நன்றாக ஆறும் வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி எல்லாம் சாம்பலாகிவிடும். 1400 வாக்கில் இத்தாலியில் சென்னினி என்ற ஓவியர் ஒரு கைப்புத்தகம் எழுதினார். அதிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். வில்லோ மரக் குச்சியை மண்சட்டியில் வைத்து, வாயை மண்ணால் பூசி, சாயங்காலம் ரொட்டிக்காரர் அடுப்பில் விட்டுவிட்டுக் காலையில் போய் எடு என்கிறார்.

பிரான்சில் ஷோவே குகையை 1994-இல் கண்டுபிடித்தார்கள். 30,000 வருஷத்துக்கும் முந்தைய கரிக்கோடுகள் அங்கே இருக்கின்றன. அங்கே வரைந்தவர்கள் முதலில் பாறையைச் சுரண்டி வெள்ளையாக்கிக்கொண்டார்கள், கரியைக் கையால் தேய்த்துக் குதிரையின் கன்னத்துக்கும் சிங்கத்தின் முகத்துக்கும் நிழல் கொடுத்தார்கள். ஆதிமனிதன் ஏதோ கிறுக்கினான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் சொம்பின் வலது பாதியைக் கரியால் நிரப்பி, விரலால் இடது பக்கமாக இழுத்துத் தேயுங்கள். வயிறு புடைத்துக்கொண்டு வரும்.

நிழலும் நூலும்

ஓவியம் எப்படிப் பிறந்தது என்பதற்கு ரோமானியரான பிளினி ஒரு கதை சொல்கிறார். ஊரைவிட்டுப் போகும் காதலனின் முகநிழல் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழ, ஒரு குயவர் மகள் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டாளாம். கதைதான், ஆனால் பயிற்சிக்கு நல்லது. சாயங்காலம் ஒரு பல்பை சொம்பின் வாய் உயரத்துக்கே வைத்து, சுவரில் விழும் நிழலின் ஓரத்தில் கரியால் கோடு இழுங்கள். வாய் ஒரு நேர்கோடாகிவிட்டதைக் கவனியுங்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் போட்டுக்கொள்ளலாம். இதில் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகம் வேறு எதிலும் வராது. எங்கள் ஊரில் மூக்கு வேறு பிரசித்தம். நகரி மலையின் உச்சி ஆள் மூக்கு மாதிரியே நிற்கும், கடலில் போகிற கப்பல்காரர்கள்கூட அதை அடையாளம் வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றுமே போடாமல் ஓரக்கோட்டை வைத்தே இது இன்னது என்று சொல்லிவிட முடியும் என்பதற்கு அந்த மலை போதும்.

நூல் அடிப்பது என் தொழில். பெரிய சுவரில் எழுத்து நேராக வர, நீலப் பொடியில் புரட்டிய நூலை இரண்டு பக்கமும் இருவர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவோம். சுவரில் ஒரு கோடு சுத்தமாக விழும். எகிப்தில் கல்லறைச் சுவரில் வேலை செய்தவர்களும் இதைத்தான் செய்தார்கள், நீலத்துக்குப் பதிலாகச் செங்காவி. நெடுக்கிலும் குறுக்கிலும் அடித்துக் கட்டமாக்கி, நிற்கிற ஆளுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம் என்று கணக்கு வைத்தார்கள். ஆள் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் கட்டம் அதேதான், கட்டத்தின் அளவுதான் மாறும். சினிமா பேனர் காலத்தில் ஒரு கையளவு ஸ்டில்லை நாற்பதடிக்கு ஏற்றியதும் இதே வித்தை.

செய்து பாருங்கள். உங்கள் கரிச் சொம்பின் மேல் ஒரு அங்குலக் கட்டம் போடுங்கள். வெளிச்சுவரில் நூல் அடித்து அரையடிக் கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றுங்கள். மொத்தச் சொம்பையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தன் இஷ்டத்துக்குப் போகும். எகிப்தில் முதலில் சிவப்பில் போடுவார்கள், திருத்தம் கறுப்பில் வரும். முடிக்காமல் விட்ட சுவர்களில் இரண்டையும் இன்றும் பார்க்கலாம். நீங்களும் காவியில் போட்டுக் கரியில் திருத்துங்கள். பழைய கோட்டை அழிக்காதீர்கள்.

எகிப்தியர்களுக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருளுக்கு எந்தப் பக்கம் தெளிவோ அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நெபாமுன் என்பவர் கல்லறையிலிருந்து எடுத்த தோட்டச் சித்திரம் இருக்கிறது. குளத்தை மேலிருந்து பார்த்த மாதிரி நீள்சதுரமாகவும், அதிலுள்ள மீனைப் பக்கவாட்டிலும் போட்டிருக்கிறார்கள். பாத்திரத்துக்குள் இருப்பதைக் காட்ட வேண்டுமென்றால் பாத்திரத்துக்கு மேலேயே வரைந்துவிடுவார்கள். சொம்புக்குள் நாலு சில்லறையைப் போட்டு, "இதை எகிப்துக்காரர் எப்படிப் போடுவார்?" என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் உடனே போட்டுவிடுவார்கள், பெரியவர்கள்தான் யோசிப்பார்கள்.

பிரஷ்

இதற்கு ஒரு வாரம் போதும், ஆனால் கை வலிக்கும். கிரேக்கத்தில் அபெல்லிஸ், புரோட்டோஜெனிஸ் என்று இரண்டு ஓவியர்கள். அபெல்லிஸ் தேடிப்போன அன்று மற்றவர் வீட்டில் இல்லை. வந்தது யார் என்று சொல்ல, அங்கிருந்த பலகையில் ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டுப் போனார். புரோட்டோஜெனிஸ் வந்து பார்த்து, ஆளைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே வேறு வண்ணத்தில் அதைவிட மெல்லிய கோடு இழுத்தார். அபெல்லிஸ் திரும்ப வந்து அதையும் இரண்டாகப் பிளந்தார். இதுவும் பிளினி சொன்னதுதான். போர்டு எழுதுகிற எவனுக்கும் இந்தக் கதை பிடிக்கும்.

நம் பக்கத்தில் விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய சம்ஸ்கிருத நூலின் சித்திரசூத்திரம், தேர்ந்த ஆசிரியர்கள் மெச்சுவது ரேகையை, அதாவது கோட்டை என்கிறது; வண்ணத்தை மெச்சுபவர்கள் மற்றவர்களாம். நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' வருகிறது, வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரம். அணிகலன் எல்லாம் கழற்றிவிட்டுத் தலைவனைப் பிரிந்து இருக்கும் அரசியை அதற்கு ஒப்பிடுகிறார் புலவர். வண்ணம் ஏறாத கோடும் அழகுதான் என்று தெரிந்தவர்தான் அப்படி எழுத முடியும்.

விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழையுங்கள். சீனாவில் புகைக்கரியோடு விலங்குப் பசை சேர்த்துக் கட்டியாக்கி வைத்துக்கொண்டார்கள். நமக்குப் பிசின் போதும். நல்ல நுனியுள்ள ஒரு பிரஷ். சொம்பின் ஒரு பக்க வளைவை, கழுத்திலிருந்து அடிவரை, கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில். முழங்கையிலிருந்து நகர வேண்டும், மணிக்கட்டால் வளைத்தால் நடுங்கும். அப்புறம் அந்தக் கோட்டுக்குள் காவியால் இன்னொரு கோடு. ஒரு தாள் முழுக்க இதையே போடச் சொல்லுவேன். முணுமுணுப்பார்கள்.

காளஹஸ்தி

இப்போது அந்தச் சட்டியைத் திறக்கலாம். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் இதற்கு அதிக இடம் கொடுக்கவில்லை. மூங்கில் குச்சியால் துணியில் கோடு போடும் ஒரு முறை இன்றைக்கும் தெருவில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி உயிரோடு இருக்கிறது. குகையைப் பார்க்க பிரான்சுக்குப் போனாலும் உள்ளே விடமாட்டார்கள்.

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணிகள் கோவிலில் தொங்கவிடவும், தேருக்கும் சாமிக்குப் பின்னாலும் கட்டவும் எழுதப்பட்டவை. ராமாயணம், பாரதம் எல்லாம் கட்டம் கட்டமாக, ஓரத்தில் என்ன காட்சி என்று தெலுங்கில் எழுதி இருக்கும். நலிந்துபோன இந்தத் தொழிலுக்கு 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் அங்கேயே பயிற்சி நிலையம் வந்தது. இன்று வேலை செய்கிறவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

துணி கோரா பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் ஒன்றும் பிடிக்காது; ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும், பருத்தி சாம்பலாகும், கலப்பு உருகிக் கட்டிப்படும். துணியைத் துவைத்துக் கஞ்சி முழுக்கப் போக்குங்கள். கடுக்காய்ப் பொடி மூன்று கரண்டியை ஒரு பெரிய டம்ளர் காய்ச்சாத எருமைப் பாலில் கலக்குங்கள். கைக்குட்டை அளவு துணி இரண்டு மூன்றுக்கு இது போதும். துணியை அதில் முக்கி, எல்லா இடத்திலும் ஊறும்படி பிசைந்து, மெதுவாகப் பிழிந்து வெயிலில் விரியுங்கள். காய்ந்ததும் இளமஞ்சளாக, லேசான பால் வாடையோடு இருக்கும்.

பால் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு துண்டைக் கடுக்காய்த் தண்ணீரில் மட்டும் நனைத்துக் காயவைத்து, அதில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நூல் வழியாக மை ஓடிக் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். பாலின் கொழுப்பு அதைத் தடுக்கிறது. கோடு கோடாக நிற்பதற்கு மாடும் ஒரு கை கொடுக்கிறது.

கலம், அதாவது பேனா செய்ய, ஒரு சாண் நீள மூங்கில் சிம்பை எடுத்து நுனியைக் கூராக்குங்கள். நுனிக்கு மேல் மூன்று விரல் தள்ளி, கம்பளித் துணிக் கிழிசலைச் சிறு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அதுதான் மைக்கூடு. சட்டித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அதில் கலத்தை முக்கி, துணிப் பந்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் நுனிக்கு இறங்கும். அழுத்தம் கூடினால் சொட்டிவிடும். வரையத் தொடங்குமுன் ஒரு பழைய துணியில் நாலு கோடு இழுத்து விரலுக்குப் பழக்குங்கள்.

முதலில் உங்கள் புளியங்குச்சிக் கரியால் சொம்பை லேசாகத் துணியில் போடுங்கள். காளஹஸ்தியிலும் புளியங்கரிதான். அது உதிர்ந்துவிடும், கவலையில்லை. இனி கலம். இங்கேதான் பிள்ளைகள் எல்லோரும் கிட்டே வந்து குனிவார்கள். கலத்தில் இருப்பது கறுப்பு மையே கிடையாது. மங்கலான, துருநிறத் தண்ணீர். துணியைத் தொட்ட இடத்தில், கண்ணெதிரே, சாம்பலாகி அப்படியே கறுத்துக்கொண்டு வரும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்கிற இடத்தில்தான் கறுப்பு பிறக்கிறது. நன்றாகக் காயவிட்டு, மறுநாள் ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள். காளஹஸ்தியில் இதற்கு சுவர்ணமுகி ஆறு இருந்தது. நமக்குக் குழாய்.

இந்த ஒரு கறுப்பை வைத்து நீங்கள் உலகத்தைச் சுற்றி வரலாம். நம் தாத்தாக்கள் கடுக்காயோடு அன்னபேதி போட்டுக் காய்ச்சிய மை இதேதான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தில் பூச்சி கொட்டி வீங்கும் காயை எடுத்து, அதே அன்னபேதியைச் சேர்த்தார்கள். லியோனார்டோவும் ரெம்ப்ராண்ட்டும் வாத்து இறகில் தொட்டு வரைந்த மைகளில் இது முக்கியமானது. குணமும் குற்றமும் ஒன்றுதான்: நீரில் போகாது, ஆனால் நாளாக ஆகத் தாளையே அரித்துவிடும். பழைய துணிகளிலும் கறுப்பு இருக்கிற இடம்தான் முதலில் இற்றுப்போகும்.

ஊசித் துளை

ஒரு பத்தியில் முடித்துவிடலாம், ஏனென்றால் பக்கத்து டெய்லர் கடையில் நீங்களே பார்க்கலாம். ஆரி ஒர்க் செய்கிற பெண்கள் டிரேஸிங் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் குத்திக்கொண்டே போய், அதைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்ப்பார்கள். துணியில் புள்ளிக்கோடு இறங்கும். இத்தாலியில் சுவரோவியம் எழுதியவர்கள் கரிப்பொடி மூட்டையைத் தட்டி இதையே செய்தார்கள். ரஃபேலின் 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்துக்கான பெரிய கரிச் சித்திரம் மிலான் நகரில் இருக்கிறது, அதில் அந்த ஊசித் துளைகளும் இருக்கின்றன. உங்கள் சொம்பை இப்படி ஒரு தாளில் குத்தி, பத்துத் தாளில் இறக்கிக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த பயிற்சிக்கு உதவும்.

வெள்ளிக் கம்பியும் கண்ணாடியும்

பத்தர் பட்டறையில் ஒரு விரல்நீள வெள்ளிக் கம்பி கேளுங்கள். அறுந்த கொலுசு வளையமும் ஆகும். நுனியைக் கல்லில் உரசி வழவழப்பாக்கி, லெட் போடுகிற பென்சிலில் செருகிக்கொள்ளுங்கள். வெறும் காகிதத்தில் எழுதாது. தடித்த அட்டையில் வெள்ளை போஸ்டர் கலரை இரண்டு முறை பூசிக் காயவைத்தால் அதில் பிடிக்கும். அந்தக் காலத்தில் எலும்புச் சாம்பல் பூசினார்கள். அழுத்தினாலும் கோடு தடிக்காது, கறுக்காது. நிழல் வேண்டுமென்றால் பக்கம் பக்கமாக நூறு மெல்லிய கோடு போட வேண்டும். அழிக்கவும் முடியாது. வியன்னாவில் ஆல்பர்ட்டினா மியூசியத்தில், ஜெர்மன் ஓவியர் டூரர் 1484-இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வெள்ளிமுனையால் வரைந்த படம் இருக்கிறது. அதை ஒரு முறை காட்டினால் பதின்மூன்று வயதுக்காரர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். உங்கள் சாம்பல் கோடு போகப் போகப் பழுப்பாகும், வெள்ளிப் பாத்திரம் கறுப்பதும் இதே காரணத்தால்தான்.

சொம்பின் வாய்க்கு வருவோம். பழைய போட்டோ பிரேமிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஓரத்தில் டேப் ஒட்டி, இரண்டு செங்கல் இடையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். தாடையை ஒரு புத்தகக் கட்டின்மேல் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற சொம்பின்மேல் மார்க்கரால் கோடு இழுங்கள். தலை அசைந்தால் எல்லாம் போச்சு. படத்தை ஒரு ஜன்னல் என்று 1435-இல் எழுதினார் ஆல்பர்ட்டி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஃப்ளோரன்ஸில் புருனெலெஸ்கி, தூரம் போகப் போகப் பொருள் சிறிதாகத் தெரியும் கணக்கைக் காட்டியிருந்தார். இப்படிக் கண்ணாடி வழியாக வரையும் ஆளை டூரர் 1525-இல் மரச்செதுக்குப் படமாகவே போட்டார்.

எடுத்துப் பார்த்தால் வாய் வட்டமாகவும் இருக்காது, கோடாகவும் இருக்காது, சப்பையான நீள்வட்டம். இப்போது உங்கள் கண்ணைக் கொஞ்சம் உயர்த்தி இன்னொன்று போடுங்கள்: நீள்வட்டம் விரியும். கண்ணை வாய் உயரத்துக்கே இறக்குங்கள்: கோடாகிவிடும், நிழலில் பார்த்தோமே அது. அடுத்துதான் யாரும் கவனிக்காத விஷயம். சொம்பின் அடிப்பாகத்தை எல்லோரும் நேர்கோடாக இழுப்பார்கள், ஸ்டூல் நேராக இருக்கிறதே என்று. அடி கண்ணிலிருந்து வாயைவிடக் கீழே இருக்கிறது, அதனால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கண்ணாடியில் அளந்து பாருங்கள். இது புரிந்துவிட்டால் டம்ளர், பக்கெட், கோவில் தூண் எதுவானாலும் சொந்தமாக நிற்கும்.

இப்போது பென்சில்

எடுத்து வாருங்கள். இங்கிலாந்தில் பாரோடேல் என்ற இடத்தில் சுத்தமான கிராஃபைட் கட்டியாகக் கிடைத்தது. அதை அறுத்து மரத்தில் செருகினார்கள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை வந்து சரக்கு நின்றபோது, 1795-இல் காண்ட்டே என்ற பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் தூளில் களிமண் கலந்து சுட்டுப் பார்த்தார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. உங்கள் பென்சிலில் இருக்கிற எச், பி எல்லாம் இந்தக் கலவைக் கணக்கு. ஒரு 2எச், ஒரு 6பி எடுத்துச் சொம்பைப் போடுங்கள். காவி, கரி, கலம், வெள்ளி எல்லாம் பழகிய கைக்கு ஒரே பென்சிலில் தடிப்பும் மென்மையும் கறுப்பும் வருவது ராஜபோகம்.

அழிக்க ரொட்டி. ரப்பர் வருமுன் ரொட்டியின் உள்பாகத்தைத்தான் உருட்டித் தேய்த்தார்கள். இனிப்பு பன் வேண்டாம், பிசுக்கும் எறும்பும் வரும். சாதா ரொட்டி லேசான கோட்டை எடுக்கும், அழுத்திய கோட்டை எடுக்காது. ஆகவே லேசாகப் போடக் கற்றுக்கொள்வீர்கள்.

போட்டோவுக்குப் பிறகு

வரைய வராத ஒருவரால்தான் இங்கிலாந்தில் போட்டோ வந்தது. டால்பட் என்பவர் 1833-இல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, காட்சியைத் தாளில் விழவைத்துக் காட்டும் கேமரா லூசிடா என்ற கருவியை வைத்தும் ஒழுங்காக வரைய முடியாமல், இந்தப் பிம்பம் தானாகவே தாளில் பதிந்தால் என்ன என்று யோசித்தார். 1839-இல் அவருடையதும் பிரான்சில் டாகேருடையதும் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் இருப்பதை இருப்பது போலவே காட்டும் வேலை கோட்டுக்குக் கட்டாயமில்லை.

நம் பக்கம் இது வேறு வழியில் வந்தது. 1850-இல் மதராஸில் ஓவியப் பள்ளி தொடங்கியது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்து, கல்லில் வரைந்து அச்சடித்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் எல்லார் வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தார். அதே மதராஸ் பள்ளிக்கு முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் கடற்கரையில் சோழமண்டலம் என்ற ஓவியர் குடியிருப்பைத் தொடங்கினார். அவர் படங்களில் எழுத்தும் ஜாதகக் கட்டமும் மாதிரியான கோடுகள் வந்து உட்கார்ந்தன. மதராஸ் பள்ளியில் படித்துக் கேரளத்துக்குத் திரும்பிய ஓவியர் நம்பூதிரி, 2023-இல் காலமானவர், பத்திரிகைக் கதைகளுக்கு நாலு கோட்டில் ஒரு பெண்ணின் நடையைக் கொண்டுவந்தார். போர்டு எழுதுகிறவனுக்கு அவர் கோடு பொறாமை தரும்.

கடைசிப் பயிற்சி இது. சொம்பைப் பார்க்காமல் நினைவிலிருந்து, பேனாவால், கை எடுக்காமல் ஒரே கோட்டில். ஐந்து முறை போடுங்கள். பிறகு அதையே போனில் விரலால் போட்டுப் பாருங்கள். அன்டூ பட்டனைத் தொடக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

எல்லாப் படத்தின் பின்னாலும் என்ன கருவி, எந்தத் தேதி என்று மட்டும் எழுதி வையுங்கள். மார்க் போடாதீர்கள். வெள்ளிமுனைப் படத்தை மூடி வைக்காமல் வெளியே விடுங்கள், நிறம் மாறுவது தெரியும். கரிப் படத்தின் மேல் ஒரு டிரேஸிங் பேப்பர் போட்டு வையுங்கள்.

காளஹஸ்தியை நேரில் பார்க்க, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி ரேணிகுண்டாவில் மாற வேண்டும். பஸ்ஸில் போனால் புத்தூர் வழி. கோவில் கூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள். பட்டறையில் போட்டோ எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு சின்னத் துணியாவது வாங்குங்கள். உங்கள் கலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்ததும் துணிப் பந்தை எவ்வளவு மேலே கட்ட வேண்டும், எப்படி இறுக்க வேண்டும் என்று அவர்களே பிரித்துக் கட்டிக் காட்டுவார்கள்.